ஊறுகாய் ஓ.கே... ஊறல்?

பொங்கல் லீவு ஒரு விசித்திரமான லீவு. தீபாவளி மாதிரி ஒரே நாளில் வெடித்துத் தீர்கிற சமாசாரம் இல்லை. தவணை முறையில் வரும். முதல் நாள் பழைய பாய்க்கு, இரண்டாம் நாள் சூரியனுக்கு, மூன்றாம் நாள் மாட்டுக்கு. இத்தனை பேருக்கும் கொடுத்தது போக மிச்சம் மீதி இருக்கிற நாலாம் நாள்தான் மனுஷனுக்கு!

வருஷம் பூரா செங்கல்பட்டு - பீச் எலெக்ட்ரிக் டிரெயினில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிற எங்கள் கோஷ்டிக்கு அந்த நாலாம் நாள் ரொம்ப முக்கியம். மாட்டுப் பொங்கல் சாயங்காலமே கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பக்கம் போய் இறங்கிவிடுவது வழக்கம். ஆறு பேர், மூன்று பைக், ஒரு ஊறுகாய் பாட்டில்.

இதில் ஒரே இடைஞ்சல், வள்ளுவர்.

சிரிக்காதீர்கள். மாட்டுப் பொங்கல்தான் திருவள்ளுவர் தினம். 1,330 குறளில் ஒரு முழு அதிகாரத்தை, 93-வது அதிகாரம், 'கள்ளுண்ணாமை'க்கு ஒதுக்கியவர் அவர். அவர் பெயரில் ஒரு நாள் கொண்டாடிவிட்டு அன்றைக்கே டாஸ்மாக்கைத் திறந்து வைத்தால் நன்றாயிருக்குமா? மூடிவிடுகிறார்கள். அதனால் பொங்கலன்று சாயங்காலம் கடை வாசலில் நிற்கிற கூட்டம் இருக்கிறதே... கோயில் சொர்க்கவாசல் தோற்றது!

போன கார்த்திகையில் இதைப் பற்றிப் பேசும்போதுதான் இன்ஷூரன்ஸ் நண்பன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"ஏன் மச்சி, நாமளே பீர் பண்ணிட்டா என்ன?"

அவன் மச்சினர் நியூஜெர்ஸியில் கார் ஷெட்டில் ஒரு பெரிய டப்பா வைத்து, வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறாராம். போட்டோ வந்திருக்கிறது. மனிதர் ஏதோ சமயபுரத்தில் தீச்சட்டி எடுத்தவர் மாதிரி பெருமையாக நிற்கிறார்.

எந்த கோஷ்டியிலும் பி.காம். படித்தவன் தலையில்தான் கணக்கு விழும். "நீ ஒரு எஸ்டிமேட் போடு" என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். போட்டேன்.

ஒரு ஈடு என்பது 20 லிட்டர். 650 மில்லி பாட்டில் கணக்கில் 30 பாட்டில், ஆளுக்கு 5. இதற்கு மால்ட் நாலைந்து கிலோ வேண்டும். மால்ட் என்றால் ஏதோ ராக்கெட் சமாசாரம் இல்லை. பார்லியை ஊறவைத்து, முளை கட்டி, உலர்த்தி எடுத்தது. நம் வீட்டில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதே வித்தைதான். முளை விடும்போது தானியத்துக்குள் சில என்ஸைம்கள் தயாராகின்றன. மாவுப் பொருளைச் சர்க்கரையாக உடைப்பது அவற்றின் வேலை. நொறுக்கிய மால்ட்டைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்திருந்தால் தண்ணீர் தித்திக்க ஆரம்பித்துவிடும். இந்தக் கட்டத்தில் வீடு பூரா ஹார்லிக்ஸ் வாசனை வரும். வராமல் என்ன செய்யும்? ஹார்லிக்ஸும் கோதுமை, பார்லி மால்ட் வைத்துச் செய்வதுதானே! அந்தத் தித்திப்புத் தண்ணீர் பால் பக்கம் திரும்பினால் ஹார்லிக்ஸ், ஈஸ்ட் பக்கம் திரும்பினால் பீர். சேர்க்கை சரியில்லை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

வடிகட்டின தண்ணீரில் ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடவேண்டும். ஆறினதும் 11 கிராம் ஈஸ்ட் பாக்கெட் ஒன்றைத் தூவி மூடி வைக்கவேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் வெளியே விடும். ஒன்று அல்லது இரண்டு வாரம். அப்புறம் துளி சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம். அந்தத் துளிதான் நுரைக்கு. துளி கொஞ்சம் கூடினாலோ, உள்ளே புளித்து முடிவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு அடைத்தாலோ, பாட்டில் வெடிக்கும். போகிக்கு மேளம் அடிக்காத வீட்டில்கூடச் சத்தம் கேட்கும்!

ஆக மொத்தம் ஒரு மாசம். காணும் பொங்கலுக்கு ரெடியாக வேண்டுமென்றால் எப்போது ஆரம்பிக்க வேண்டும்? பஞ்சாங்கத்தைப் புரட்டினால்... மார்கழி ஒண்ணு!

வாசலில் அம்மா கோலம் போட்டுப் பூசணிப்பூ வைக்கிறாள். தெருக்கோடி ஸ்பீக்கரில் திருப்பாவை. கொல்லைப்புறத்தில் பிள்ளை பக்கெட்டைத் திறந்து நுரை பார்க்கிறான். எஸ்டிமேட்டின் கடைசி வரியில் 'பாவம்' என்று ஒரு தலைப்பு போட்டு, தொகை போடாமல் விட்டேன்.

பணமும் பாவமும் இருக்கட்டும், சட்டம் என்ன சொல்கிறது? அதையும் பார்த்துவிடுவோம் என்று புரட்டினேன்.

1937-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது (அந்தக் காலத்தில் அதற்குப் பிரதமர் என்று பெயர்) சேலம் ஜில்லாவில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. அதற்காகப் போட்ட சட்டம்தான் இன்றைக்கும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டமாக இருக்கிறது. இதில் பெரிய வேடிக்கை, மதுவிலக்குச் சட்டம் பாட்டுக்கு அமலில் இருக்கிறது. அதே அரசாங்கம் கடையும் நடத்துகிறது. விதிவிலக்கில்தான் வியாபாரம்!

அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது. மது என்றால் கள், சாராயம், ஒயின், பீர் தொடங்கி, ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும். விற்காமல் நாமே குடித்துக்கொள்கிறோம் என்ற சமாதானம் செல்லாது. இன்னொன்று, தயாரிக்கிற சாமான்களை அந்த நோக்கத்தோடு வைத்திருந்தாலே குற்றம். அதாவது இன்ஷூரன்ஸ் நண்பன் ஆர்வக் கோளாறில் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்ட 20 லிட்டர் பக்கெட்டும் கேஸில் ஒரு சாட்சி.

"காச்சினாத்தானேடா சாராயம்? இது புளிக்க வெக்கறது!" என்றான்.

"போலீஸ் பாஷையில அதுக்குப் பேரு ஊறல். மறுநாள் பேப்பர்ல '20 லிட்டர் ஊறல் அழிப்பு'ன்னு வரும். பக்கத்துல உன் போட்டோ. பாலிசி எடுத்தவன்லாம் ஓடிப் போயிடுவான்."

அவன் மச்சினருக்கு மட்டும் எப்படி முடிகிறது? அங்கேயும் லேசில் கிடைத்துவிடவில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-ல் ஒழிந்தது. ஆனால் வீட்டில் பீர் செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்தது 1978-ல், கார்ட்டர் காலத்தில். பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன் வரை, விற்கக் கூடாது. மிஸிஸிப்பி, அலபாமா இரண்டும் 2013 வரை பிடிவாதமாக நின்று கடைசியாக இறங்கி வந்தன. இங்கிலாந்தில் 1963 வரை வீட்டு பீருக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. வெள்ளைக்காரனுக்கே இந்தப் பாடு!

இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை, நமக்குப் புதுசு என்று நினைத்தால் அதுதான் இல்லை. நம்ம செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து வீட்டு பீருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்து செய்முறைக் குறிப்பு ஒன்று இருக்கிறது. இருப்பது சமையல் புத்தகத்தில் அல்ல, பத்துப்பாட்டில்!

பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு வாங்கப் போகிற ஒரு பாணனுக்கு, வழியில் எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிற பாட்டு. நீர்நிலையோரம் வலைஞர் குடியிருப்பு வருகிறது. அங்கே என்ன கிடைக்கும்?

நன்றாகத் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, அகலமான தட்டில் கொட்டி ஆறவிடுகிறார்கள். புற்றுக்குள் இருக்குமே கறையான் கூடு, அது மாதிரித் தோற்றமுள்ள 'அடை'யை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு ராத்திரி அப்படியே விடுகிறார்கள். பிறகு கெட்டியான வாயுள்ள சாடியில் வைத்து, நன்றாக முற்றினதும் விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்!

அந்த 'அடை' என்ன? உரைகாரர் சொல்கிறார்: நெல் முளையை இடித்தது. நெல் முளை என்றால் மால்ட்! களி என்பது மாவுப் பொருள், முளை அதைச் சர்க்கரையாக்கும், காற்றிலும் சாடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஈஸ்ட் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். ஆறவிட்டுத்தான் கலக்கவேண்டும் என்பதுகூடக் கணக்காகச் சொல்லப்பட்டிருக்கிறது. சுடச்சுடக் கலந்தால் என்ஸைமும் போச்சு, ஈஸ்டும் போச்சு. தானியம், முளை, நொதி... இலக்கணப்படி இது கள் இல்லை சார், அரிசி பீர்!

இன்றைக்கும் செங்கல்பட்டு ஏரிகளின் ஜில்லாதான். ஸ்டேஷனில் நின்று திரும்பிப் பார்த்தால் கொளவாய் ஏரி. அந்த மாதிரி ஒரு ஏரிக்கரையில், ஒரு குடிசையில், ஒரு கிழவி விரலால் அலைத்து வடித்துக்கொண்டிருந்திருப்பாள். மச்சினருக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்பு என்று நண்பனிடம் சொன்னேன்.

அதே பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்று இன்னொன்று உண்டு. நல்லூர் நத்தத்தனார் பாடியது. இதில் கடற்கரை வருகிறது. எயிற்பட்டினம் என்ற ஊரில், நுளையர் வீட்டுப் பெண் வடித்த பழைய தேறலைப் பரதவர்கள் விருந்தாளிக்கு மீனோடு கொடுத்து உபசரிக்கிறார்கள். அந்த எயிற்பட்டினம் எது? மரக்காணம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் உப்பளங்களோடு வருமே, அதே மரக்காணம்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

2023 மே மாதம், அந்த மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் சிலர் சாராயம் என்று வாங்கிக் குடித்தார்கள். அதே நாட்களில் இந்தப் பக்கம், நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்தை ஒட்டிய பெருங்கரணை, பேரம்பாக்கம் கிராமங்களிலும் குடித்தார்கள். இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சோதித்துப் பார்த்தால் அது சாராயமே இல்லை. தொழிற்சாலையில் உபயோகிக்கிற மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மறுபடியும் மெத்தனால். அங்கே அறுபது பேருக்கு மேல்.

மெத்தனாலின் கொடுமை, அது ஆல்கஹால் மாதிரியே இருக்கும். நிறம் கிடையாது. மணத்தையும் ருசியையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்து, கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றி முடித்த பிறகு வேலையைக் காட்டும். முதலில் கண். 10 மில்லி அளவேகூடப் பார்வையைப் பறிக்கலாம். தலைவலி, வாந்தி, கண் மங்கல் என்றால் 'சரக்கு ஒத்துக்கலை' என்று மோர் குடித்துவிட்டுப் படுத்தால் முடிந்தது கதை. உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். முறிவு மருந்து இருக்கிறது, நேரம்தான் இருக்காது.

தானியத்தைப் புளிக்க வைத்தால் இந்த விஷம் ஆளைக் கொல்கிற அளவுக்கு வராது. அந்த ஏரிக்கரைக் கிழவியின் சாடி ரொம்பப் போனால் வயிற்றைக் கலக்கியிருக்கும். குடித்தவன் கண்ணைப் பிடுங்கியிருக்காது. காரணம் அரிசியும் முளையும் மட்டும் இல்லை. யார் வடித்தது, எதில் வடித்தது, எத்தனை நாளாயிற்று, குடிக்கிறவனுக்குத் தெரியும். தப்பாய்ப் போனால் மறுநாள் அவள் வாசலில் போய் நின்று கேட்கலாம். எக்கியார்குப்பத்துக்காரருக்கு அந்த வழி இல்லை. நாள் பூரா உடம்பு நோக வேலை செய்துவிட்டு, கடைச் சரக்குக்குக் காசு பத்தாமல், கையில் கிடைத்த விலைக்கு வாங்கினார். அந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால் எந்தத் தொழிற்சாலை, எத்தனை கை மாறியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

1948-ல் மாகாணம் பூரா மதுவிலக்கு, 1971-ல் தளர்வு, 1974-ல் மறுபடியும் மூடல், 1981-ல் மறுபடியும் திறப்பு, 1983-ல் டாஸ்மாக், 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, 2003-ல் சில்லறைக் கடையும் டாஸ்மாக் கையில். இந்த மூடல் திறப்பெல்லாம் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. ஆபீஸ்காரன் எப்படியும் சமாளித்துக்கொள்கிறான். கடை மூடினால் முந்தின நாள் வாங்குவான், இல்லை பாண்டிச்சேரிக்கு வண்டியை விடுவான், மீறினால் மச்சினரைப் பார்த்து பக்கெட் வாங்குவான். கூலிக்காரனுக்குத்தான் எது கிடைக்கிறதோ அது. 'தெரியாம வாங்கிக் குடிச்சா அப்படித்தான்' என்று எலெக்ட்ரிக் டிரெயினில் பேப்பரை மடித்துக்கொண்டு சொல்வது சுலபம். அதே வாரம் நாம் குடித்ததற்கு ஒரு லேபிள் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான். புத்தி அதிகம் என்பதால் இல்லை.

"அப்ப வீட்ல செஞ்சா சேஃப்னு நீயே சொல்ற!" என்று வாயைப் பிடுங்கினான் நண்பன்.

விஷ பயம் இல்லை, சரி. ஆனால் சட்டம் இன்றைக்கு இப்படித்தான் இருக்கிறது. அது மாறவேண்டும் என்று நினைக்கிறவன் மனு போடலாம், மாநாடு போடலாம்; ஊறல் போட்டால் மாமியார் வீடுதான். அப்புறம் இன்னொரு கணக்கு. பீர் நாமே செய்ததாக இருந்தாலும், அரசாங்கம் விற்றதாக இருந்தாலும், மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு 30 கிலோமீட்டர். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாதம் வரை ஜெயில், இல்லை இரண்டும். அதுகூட ஊதச் சொல்ல போலீஸ் நின்றால். போலீஸ் இல்லாத வளைவில் புளிய மரம் நிற்கிறது. அது ஊதச் சொல்லாது. கடல் அதைவிட மோசம். காணும் பொங்கல் கூட்டத்தில், உள்ளே இரண்டு பாட்டில் இருக்கும்போது, 'இடுப்பளவு தண்ணிதானே' என்று இறங்குகிறவனை அலை வயசு கேட்டு இழுக்காது.

அதனால் கமிட்டி கூடி ஒரு தீர்மானம் போட்டது. பார்ட்டி உண்டு. சொந்தத் தயாரிப்பும் உண்டு. ஆனால் சரக்கு வேறு.

குறிப்பு இதோ, எழுதிக்கொள்ளுங்கள். கால் கிலோ இஞ்சியைத் தோல் சீவி, நசுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிழியுங்கள். அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாய்ப் படிகிற வண்டலை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் இறுத்து எடுங்கள். அரை கிலோ சர்க்கரையில் பாகு. பத்து எலுமிச்சம்பழம். இரண்டு சிட்டிகை உப்பு, நாலு மிளகு தட்டிப் போடுங்கள். எல்லாம் கலந்து பாட்டிலில் அடைத்து ஐஸில் வையுங்கள். கடற்கரையில் கால் டம்ளர் இது, முக்கால் டம்ளர் கோலி சோடா. நுரைக்கும். தொண்டையில் சுள்ளென்று இறங்கும். சுட்ட மீனுக்கு ஜோடி. பெரும்பாணாற்றுப்படையின் பாதி மெனுவாவது தேறிவிட்டது!

சித்திரையில் வருவதாக இருந்தால் இதுகூட வேண்டாம். அப்போது பதநீர் சீஸன், கூட நுங்கு. பதநீர் இறக்குகிற கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். அது புளிக்காமல் தடுக்கும். தடவாவிட்டால் அதே மரம், அதே பாளை, அதே கலயம், கள்! சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் ஒரு சுண்ணாம்புப் பூச்சுதான் இருக்கிறது, பாருங்கள்.

அந்த 20 லிட்டர் பக்கெட் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? பொங்கலுக்கு வந்து குவிந்த சொந்தக்காரர்களுக்காக நண்பனின் அம்மா அதில் இட்லிக்கு மாவு கரைத்து வைத்தார்களாம். ராத்திரி பூராக் குமிழ் விட்டு, விடிகாலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி நின்றதாம். அதுவும் நொதித்தல்தான். அதுவும் ஊறல்தான். எந்த 4-வது பிரிவும் அதைத் தொட முடியாது!